லோட்டி பார்க்காத கோடை

லோட்டி ரடோம்ஸ்கி டி.வி.யில் ஆட்டம் பார்த்தால் நாரைகள் தோற்கும். பார்க்காமல் இருந்தால் ஜெயிக்கும். அந்தக் கோடையில் அவள் கண்டுபிடித்த உண்மை இது. புருஷனிடம்கூட இதை அவள் சொல்லவில்லை. ராசியை வாய்விட்டுச் சொன்னால் அது அந்த நிமிஷமே செத்துப்போகும் என்பது அமெரிக்காவின் டோலிடோ நகரில் பேஸ்பால் பார்க்கிற சின்னக் குழந்தைக்கும் தெரியும். அணி ஜெயித்துக்கொண்டிருந்தால் ரசிகன் தொப்பியைத் துவைக்க மாட்டான், சட்டையை மாற்ற மாட்டான். ஏன் என்று கேட்டால் முறைப்பான். கேட்டவனும் புரிந்துகொண்டு விலகிப் போவான்.

நாரைகள் என்றால் டோலிடோ ஹெரான்ஸ். சட்டையில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரைப் படம். படம் வரைந்தவன் ஆட்டக்காரர்களைப் பார்த்துத்தான் வரைந்திருப்பான் என்று ஊரில் கேலி செய்வார்கள். பந்து பக்கத்திலேயே வந்து விழுந்தாலும் தூக்கிய கால் இறங்காது.

லோட்டி பிறந்ததும் வளர்ந்ததும் போலந்துக்காரர்கள் குடியேறிய லக்ராஞ்சு தெருவில். கட்டிக்கொண்டு போனது அதே தெருவில் நாலு வீடு தள்ளி. பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சமையல்காரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். ஊரில் இன்றைக்குப் போலீஸ்காரனாகவும் வக்கீலாகவும் திரிகிற பாதிப் பேர் அவள் கரண்டியால் அள்ளிப் போட்ட மசித்த உருளைக்கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள். பல் டாக்டர் ஒருவர் ஊசியோடு குனிந்தபோது, "நீ கேரட்டை மேஜைக்கு அடியில ஒட்டி வெச்சுட்டுப் போன பயதானே?" என்று கேட்டிருக்கிறாள். டாக்டர் ஊசியை இரண்டாம் தடவை போட வேண்டியதாயிற்று.

புருஷன் கிளெம், கார் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நாரைகளின் ஸ்டேடியத்தில் இருக்கை காட்டுகிறவராகச் சேர்ந்தார். டிக்கெட்டைப் பார்த்து, ஆளை இருக்கைக்குக் கூட்டிப் போய், கையில் மாட்டிய துணி உறையால் அந்த இருக்கையை ஒரு துடை துடைத்துவிட்டு, "உக்காருங்க, நல்லா ரசிங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. நாரைகள் தோற்ற வருஷங்களில் ஆள் வராததால் அந்த வேலையும் இருக்கவில்லை. அவர் பொறுப்பில் இருந்த பகுதியில் வழக்கமாக வருகிறவர்களை அவருக்குப் பேரோடு தெரியும். ஒருவர் மூன்று இருக்கையில் நீட்டிப் படுத்துத் தூங்குவார். இன்னொருவர், ஆர்ச்சி என்ற ஓய்வுபெற்ற தபால்காரர், ஆட்டக்காரர்களை வைய வருவார். காலி ஸ்டேடியத்தில் வசவு தெளிவாகக் கேட்குமாம். வலது மூலையில் நிற்கிறவன் ஒரு தடவை திரும்பிப் பதில் சொல்லியிருக்கிறான். கூட்டத்துக்குள் பந்து வந்து விழுந்தால் அதற்காக அடித்துக்கொள்ள ஆளிருக்காது. கிளெமே நிதானமாக நடந்துபோய் எடுத்து வருவார்.

டி.வி.யில் காலி இருக்கைகள் தெரியக்கூடாது என்று கேமராக்காரர்கள் படாத பாடு படுவார்கள். ஆகாயத்தைக் காட்டுவார்கள், நதியைக் காட்டுவார்கள். அப்போதெல்லாம் ரஸ் ஹானிகன் பேசிக்கொண்டிருப்பார். ரஸ்தான் நாரைகளின் டி.வி. வர்ணனையாளர், லோட்டிக்குக் கல்யாணம் ஆன காலத்திலிருந்து. ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லாதபோது பக்கத்து வீட்டு நாய் தன் செருப்பைத் தூக்கிப் போனதைச் சொல்வார். மழை வருமா வராதா என்று அரை மணி நேரம் யோசிப்பார். தன் மனைவி வைக்கும் பீட்ரூட் சூப்பை, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தே குறை சொல்வார். லோட்டி அடுப்பில் எதையாவது கிளறிக்கொண்டே அவரோடு பேசுவாள். "அந்தச் சூப்புல வெந்தயக்கீரையைக் கடைசியில போடணும் ரஸ், உன் பொண்டாட்டி முதல்லயே போட்டுடறா" என்பாள். வீட்டில் ஆண்குரல் என்றால் அவளுக்கு முதலில் ரஸ்ஸின் குரல், அப்புறம்தான் கிளெமின் குரல். கிளெமுக்கு இதில் வருத்தம் இல்லை. அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

அந்த வருஷ ஆரம்பத்தில்தான் அவர்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தது. யார் எந்த நிகழ்ச்சி பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற ஒரு கம்பெனி, குலுக்கலில் ரடோம்ஸ்கி வீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது. டெரிக் என்ற ஆள் வந்து டி.வி. தலையில் பெட்டியைப் பொருத்திவிட்டு விளக்கினான். டி.வி.யைப் போட்டால் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னும். லோட்டி பார்த்தால் ஒரு பொத்தான், கிளெம் பார்த்தால் ஒரு பொத்தான். விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்கும் தனிப் பொத்தான், வயசையும் சொல்ல வேண்டும். யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

"இந்த ஊர்ல பெட்டி இருக்கிற வீடு கொஞ்சம்தான்மா. நீங்க ஒரு பொத்தானை அழுத்தினா, ஆயிரக்கணக்கான வீட்ல அழுத்தின மாதிரி," என்றான் டெரிக்.

"ஏம்பா, ஓட்டுப் போடறப்ப எனக்கு ஒண்ணுதானே குடுத்தாங்க?" என்றாள் லோட்டி. அன்று முழுவதும் அவள் நடையே மாறியிருந்தது.

ஜூன் மாதம் ஏரியிலிருந்து பூச்சிகள் கிளம்பி வந்தன. வருஷா வருஷம் வருவதுதான். மேகம்போல் வந்து விளக்குக் கம்பம், ஜன்னல், பாதிரியாரின் மொட்டைத் தலை என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். அன்று நாரைகள் வழக்கம்போல் தோற்றுக்கொண்டிருந்தன. சமையலறை ஜன்னலை மூட மறந்த லோட்டி, பியெரோகிக் கொழுக்கட்டை கொதிக்கிற பானைக்குள் பூச்சி விழுவதைப் பார்த்துத் துடைப்பத்தோடு ஓடினாள். திரும்பி வந்தபோது நாரைகள் ஐந்து ரன் எடுத்திருந்தன. உட்கார்ந்தாள். அடுத்த பந்திலேயே ஆள் அவுட். எழுந்து சமையலறைக்குப் போனாள். பந்து வேலியைத் தாண்டிப் போய் ஹோம் ரன். ஜன்னல் பக்கத்தில் துடைப்பத்தைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.

மறுநாளும் சோதித்தாள், அதற்கு மறுநாளும் சோதித்தாள். பார்த்தால் தோல்வி, பார்க்காவிட்டால் வெற்றி. இத்தனை வருஷமாக ஒரு நகரத்தையே தோற்கடித்துக்கொண்டிருந்தது தன் இரண்டு கண்களா என்று நினைத்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

டி.வி.யை அணைத்தாள். போட்டுவிட்டுப் பார்க்காமல் இருக்கலாமே என்றால், தன் கண்ணைப் பற்றி அவளுக்குத் தெரியும், அது போகும். கார் ஷெட்டில் மடக்கு நாற்காலி போட்டு ரேடியோ கேட்டாள். காதுக்கு ராசி கிடையாது, கண்ணுக்குத்தான். ஆனால் ரேடியோவில் கத்தியவன் வேறு ஆள். தீயணைப்பு வண்டி மாதிரி ஒரே அலறல். நாயும் இல்லை, சூப்பும் இல்லை. சாயங்காலமானால் அடுப்பங்கரை அமைதியாகக் கிடந்தது, லோட்டிக்கு அழுகை வந்தது. ரஸ்ஸை விட்டுக்கொடுத்துத்தான் நாரைகளை ஜெயிக்க வைக்கிறோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாரைகள் ஜெயித்தன. அப்படி இப்படி என்று இல்லை, மூச்சு விடாமல் ஜெயித்தன.

ஸ்டேடியம் முதலில் பாதி நிறைந்தது, அப்புறம் முழுக்க நிறைந்தது. ஊரில் இத்தனை நாரை ரசிகர்கள் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. விலைப்பட்டை தொங்குகிற புதுத் தொப்பியோடு வந்து, "நாங்க அந்தக் காலத்துலேர்ந்தே இந்த டீமுதான்" என்றார்கள். எந்தக் காலம் என்று கேட்டால் போன வாரத்தைச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதிரியார் பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்தார். அதற்காகவே நாரைகளுக்குத் தனியாக நன்றி சொன்னவர்கள் உண்டு. கிளெம் கால் வீங்கி வீடு திரும்பினார்.

"நம்ம தூங்குற ஆளு எப்படிய்யா இருக்காரு?" என்று கேட்டாள் லோட்டி, வெந்நீர்ப் பேசினை அவர் காலடியில் நகர்த்திக்கொண்டே.

"அவரு படுக்குற மூணு சீட்டுலயும் ஆளு வந்துடுச்சு. பாவம், உக்காந்தே தூங்குறாரு. ஆர்ச்சிதான் ரொம்பக் கஷ்டப்படுறான். திட்டறதுக்கு ஒண்ணுமே கிடைக்கலையாம்."

"ஆட்டம் எப்படி இருந்துச்சு?"

"ம்," என்றார் கிளெம். "நல்லாத்தான் இருந்துச்சு." காலைப் பேசினுக்குள் இறக்கிக்கொண்டார். அணி வெளியூருக்குப் போன நாட்களில் கிளெம் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார். டி.வி. பக்கமே வருவதில்லை. கேட்டால், "கண்ணுக்கு ரெஸ்ட் வேணாமா?" என்பார். லோட்டிக்கும் அது வசதியாக இருந்ததால் தோண்டிக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் கிளெம் ஒரு செய்தியோடு வந்தார்.

"சேனல்காரங்க பேசிக்கிட்டாங்க. ஸ்டேடியம் நிரம்பி வழியுது, ஆனா டி.வி.ல பாக்குறவங்க எண்ணிக்கை ஏற வேண்டிய அளவுக்கு ஏறலையாம். ஜெயிக்கிற டீமுக்கு இப்படி ஆகாதாம். அதனால குத்தம் ரஸ் மேலதானாம். வயசாயிடுச்சு, நாயைப் பத்தியே பேசுறாரு, ஜனங்க சேனலை மாத்திடறாங்கன்னு சொல்றாங்க. அடுத்த வருஷம் அவரை அனுப்பிட்டு, முன்னாடி ஆடின ஒரு பையனைக் கொண்டாரப் போறாங்க. பல்லு நல்லா இருக்குமாம்."

லோட்டியின் கையிலிருந்த கரண்டி பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுந்தது.

"யோவ், ஊரே ஸ்டேடியத்துக்குக் கிளம்பிப் போயிட்டா வீட்ல எவன்யா பாப்பான்? அது ரஸ் தப்பா?"

"என்னை எதுக்குடி திட்டுற? நான் சீட்டுத் துடைக்கிறவன்."

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சேனல்காரனுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரு பொத்தான், அந்தப் பொத்தானை ஜூனிலிருந்து அவள் தொடவில்லை. ரஸ்ஸின் கழுத்தில் கத்தி வைத்தது அவள்தான். டி.வி.யைப் பார்த்தால் நாரைகள் விழும், பார்க்காவிட்டால் ரஸ் விழுவார். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, யாருக்காக ஏற்றினோம் என்று தெரியாமல் வெளியே வந்தாள்.

வழி அவளுக்கு, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பவுலிங் கூடத்தில் தட்டுப்பட்டது. பந்தை உருட்டிவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்க்கச் சகிக்காமல் திரும்பி நின்றுகொள்ளும் பழக்கம் அவள் தோழி ஐரீனுக்கு உண்டு. சத்தத்தை வைத்தே எத்தனை கட்டை விழுந்தது என்று சொல்லிவிடுவாள். லோட்டி அன்று அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் டி.வி. மேஜையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். டி.வி.யின் முகம் சுவரைப் பார்த்தது, முதுகு அறையைப் பார்த்தது. போட்டாள். சிவப்பு விளக்கு மின்னியது. அவள் பொத்தானை அழுத்தியதும் பச்சையானது. "டி.வி.யைத்தானே பாக்குறேன்? முதுகைப் பாக்கக் கூடாதுன்னு டெரிக் சொல்லலியே," என்று தனக்குத்தானே வாதாடி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். சுவரில் மோதி வந்தது ரஸ்ஸின் குரல். நாய் இப்போது இரண்டாவது செருப்பையும் தூக்கிப் போயிருந்தது. லோட்டி இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நாரைகளும் ஜெயித்தன.

ஒரு பொத்தான் போதாது என்று தோன்றியது. ஐரீனையும் பவுலிங் குழுவையும் அழைத்தாள். வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். சுவரைப் பார்த்த டி.வி., அதற்கு முதுகு காட்டி வரிசையாகப் போட்ட நாற்காலிகள்.

"என்னடி இது, பஸ் மாதிரி இருக்கு?" என்றாள் ஐரீன்.

"கேக்காத. ப்ளீஸ்."

ஐரீன் அவள் முகத்தைப் பார்த்தாள். பேஸ்பால் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவள். "சரி, நான் ஜன்னலோரம்," என்று சொல்லி முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒரு கேள்வி கேட்கவில்லை. லோட்டி விருந்தாளிப் பொத்தான்களை அழுத்தினாள். அது எதற்கு என்றும் யாரும் கேட்கவில்லை. வயசு கேட்டபோதுதான் சண்டை வந்தது. ஐரீன் பத்து வயசைக் குறைத்துச் சொன்னாள். லோட்டி உண்மையான வயசை அழுத்தினாள்.

ஊரில் இப்படிப் பெட்டிக் கணக்கு எகிறியதும் விளம்பரங்கள் மாறத் தொடங்கின. அதுவரை வந்துகொண்டிருந்த பீரும் லாரியும் போய், முட்டிவலித் தைலமும், பல்செட் பசையும், கதவு வைத்த குளியல் தொட்டியும் வரிசை கட்டின. கிளெம் அடுத்த செய்தியோடு வந்தார்.

"சேனல்காரங்களுக்குத் தலைகால் புரியல. ஊர்ல இருக்கிற கெழவிங்கள்லாம் திடீர்னு ரஸ்ஸுக்காக உசிரை விடறாங்களாம். அவரை அனுப்புற பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாங்களாம்."

"கெழவிங்கன்னு யாரைய்யா சொன்னே?" என்றாள் லோட்டி. ஆனால் அன்று அவர் தட்டில் பன்றித் தொத்திறைச்சி இரண்டு துண்டு கூடுதலாக விழுந்தது.

ஒரு மத்தியான ஆட்டத்தின்போது டெரிக் வந்து கதவைத் தட்டினான். ஒரே வீட்டில் தினமும் இத்தனை விருந்தாளியா என்று கம்பெனிக்குச் சந்தேகம் வந்து, பெட்டி பழுதா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். உள்ளே வந்தவன் அப்படியே நின்றான். சுவரோடு பேசுகிற டி.வி., அதற்கு முதுகு காட்டி நூல் பின்னிக்கொண்டும் பியெரோகி மாவு உருட்டிக்கொண்டும் பெண்கள்.

"அம்மா... இது என்னம்மா?"

"பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது."

"பார்க்கறவங்கதானே பொத்தானை அழுத்தணும்? இவங்க யாரும்..."

"ஸ்கோர் என்னன்னு கேட்டியா?" என்றாள் ஐரீன், திரும்பாமல்.

டெரிக் காதைத் தீட்டிக் கேட்டான். நாரைகள் நாலு ரன் முன்னே. அவனும் டோலிடோக்காரன்தான். ஒரு நிமிஷம் பெட்டியைப் பார்த்தான், ஒரு நிமிஷம் பெண்களைப் பார்த்தான். பிறகு கருவிப் பையைக் கீழே வைத்து, டி.வி.க்கு முதுகைக் காட்டி ஓரமாக உட்கார்ந்தான்.

"நான் போற வீடெல்லாம் இப்பிடித்தாம்மா இருக்கு," என்றான் மெதுவாக. "ஒருத்தர் டி.வி. மேல போர்வை போட்டிருக்காரு. ஒரு வீட்ல ஆட்டம் ஆரம்பிச்சா எல்லாரும் தோட்டத்துக்குப் போயிடறாங்க. சேனல்காரன் பாவம், எங்க ஆபீசுக்குப் போன் பண்ணி அழறான். நான் இங்க எதையும் பார்க்கல. அந்த மாவுல கொஞ்சம் வெங்காயம் போடுவீங்களா?"

பருவத்தின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. ஊரில் காக்காய்கூடத் தெருவில் இல்லை. ஜனங்கள் ஒன்று ஸ்டேடியத்தில் இருந்தார்கள், இல்லாவிட்டால் லோட்டி மாதிரி எதற்காவது முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கிளெம் காலையிலேயே புது உறை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கூடத்தில் பவுலிங் குழு மொத்தமும் இருந்தது.

கடைசி இன்னிங்ஸ். நாரைகள் ஒரு ரன் முன்னே. எதிரணியில் ஒருவன் பேஸில் நிற்கிறான். இன்னும் ஒரே ஒருத்தன் அவுட் ஆனால் போதும். லோட்டி அடுப்பில் முட்டைக்கோஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். அப்போது ரஸ் வர்ணனையை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"அவன் பேட்டை மாத்திட்டு வரட்டும், அதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். அடுத்த வருஷமும் இருங்கன்னு சேனல்ல கேட்டாங்க. நான் வேணாம்னுட்டேன். இந்த மாடிப்படி ஏற முடியலங்க. இன்னிக்குத்தான் எனக்குக் கடைசி. நாங்க தோத்துக்கிட்டே இருந்த காலத்துல, கீழே ஆளே இல்லாம, இந்த மைக்கு முன்னாடி தனியா உக்காந்து யாருகிட்ட பேசறதுன்னு தெரியாது. அதனால ஒரு ஆளை நானா நெனச்சுக்கிட்டேன். எங்கியோ ஒரு சமையல்ரூம்ல அடுப்புல எதையோ கிளறிக்கிட்டு, எங்க வீட்டு சூப்பைக் குறை சொல்ற ஒரு அம்மா. அவங்க பேரு தெரியாது. அம்மா, நீங்க இன்னிக்கு இருந்தீங்கன்னா, கரண்டியைக் கொஞ்சம் கீழ வெச்சுட்டு வந்து பாருங்க. ஸ்டேடியம் முழுக்க ஆளு. ஒரு சீட்டு காலி இல்ல. இதை உங்களுக்குக் காட்டணும்னுதான் இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன்."

லோட்டி கரண்டியைக் கீழே வைத்தாள்.

கூடத்தில் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தபடி சிலையாக இருந்தார்கள். ஐரீன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள், திரும்பவில்லை. லோட்டி செருப்பைக் கழற்றிவிட்டு, பூனைபோல் நடந்து, டி.வி.க்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் உடம்பை நுழைத்தாள். மேஜையை நகர்த்தினால் கிறீச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். வயிற்றை உள்ளே இழுத்தாள். மூக்குக்கு நேராகத் திரை. அத்தனை கிட்டத்தில் எதுவும் உருவமாகத் தெரியவில்லை, வண்ணப் புள்ளிகள்தான் தெரிந்தன. சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அடுக்கடுக்காக மனிதர்கள், நாரைத் தொப்பிகள், ஒரு இடம் பாக்கி இல்லை. கேமரா முதல் முறையாக எதற்கும் பயப்படாமல் ஸ்டேடியத்தைச் சுற்றி வந்தது. பிறகு ரஸ்ஸைக் காட்டியது. இவ்வளவு கிழவராகிவிட்டாரா! "வந்துட்டேன் ரஸ், பாத்துட்டேன்," என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள் லோட்டி.

பந்து வீசப்பட்டது. எதிரணிக்காரன் சுழற்றினான். அது போனது போனதுதான், ஆற்றுக்குள் போய் விழுந்தது. இரண்டு ரன், நாரைகள் ஒன்று பின்னே.

கூடத்தில் எழுந்த ஓலத்தின் நடுவே அவள் இடுக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, அடுப்புக்குப் போய்க் கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். நாரைகளுக்கு இன்னும் ஒரு முறை பேட் பிடிக்க வாய்ப்பிருந்தது. முட்டைக்கோஸ் அடிப்பிடிக்கும் முன் அதுவும் முடிந்துபோயிற்று. பேட் பிடித்த மூவரும் ஒற்றைக் காலில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

"யாருடி பாத்தது?" என்றாள் ஐரீன், வரிசையாக எல்லார் முகத்தையும் பார்த்து. "உண்மையைச் சொல்லுங்க. எவளோ ஒருத்தி திரும்பிட்டா."

"நான் இல்லப்பா," என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில், கொஞ்சம் அவசரமாகவே. லோட்டியும் சொன்னாள். அவள் முழங்கையில் ஒட்டியிருந்த சுவர்ச் சுண்ணாம்பை யாரும் கவனிக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் கிளெம் வந்தார். தொப்பி கையில் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவர் தட்டைத் தொடவில்லை. லோட்டி மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். இவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"லோட்டி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் கிளெம். "நாம தோத்தது என்னாலதான்."

"என்னது?"

"ஜூன்ல பூச்சி வந்துச்சே, அன்னிக்குக் கண்ணுல ஒரு பூச்சி பூந்துடுச்சு. தண்ணி போட்டுக் கழுவிக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள அஞ்சு ரன். அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, நான் பாத்தாத்தான் தோக்குறாங்கன்னு. அதுலேர்ந்து ஒரு பந்து நான் பாக்கல. கூட்டத்தைப் பாத்துக்கிட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நின்னேன். நம்ம வேலைக்கு அது யாருக்கும் வித்தியாசமாத் தெரியாது. வெளியூர் ஆட்டம்னா ஆத்துக்குப் போயிட்டேன். எனக்கு மீனே பிடிக்காது, உனக்குத் தெரியும்." தொப்பியை மேஜைமேல் வைத்தார். "இன்னிக்குக் கடைசில எல்லாரும் எழுந்து நின்னாங்க. ஆர்ச்சி அழுதுகிட்டே என் தோளைப் பிடிச்சு, 'கிளெம், இத்தனை வருஷம் காத்திருந்தியேடா, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரு'ன்னான். திரும்பிட்டேன். அந்தப் பந்துதான்."

கோடை முழுவதும் ஆற்றங்கரையில் முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருந்த மனிதனை நினைத்தபோது லோட்டிக்கு அவர் மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது. இந்தத் தெருவிலேயே இவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு அடம்பிடித்தது எவ்வளவு சரி என்று தோன்றியது. அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். உண்மை நாக்கு நுனிவரை வந்தது.

"சரி விடுய்யா," என்றாள். "வேணும்னேவா செஞ்சே? மனுஷன்தானே. சாப்பிடு." தட்டில் இன்னும் இரண்டு பியெரோகி வைத்தாள். "யாருகிட்டயும் சொல்லாத. அடுத்த வருஷமாவது ஒழுங்கா இரு."

"இருக்கேன்," என்றார் கிளெம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்தக் குளிர்காலம் முழுவதும் குப்பையைக் கொண்டுபோய் வைத்தது கிளெம். வாசலில் பனியைத் தள்ளியது கிளெம். ஐரீனின் வாசல் பனியையும் கேட்காமலே போய்த் தள்ளிவிட்டு வந்தார். ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் குனிந்து நிமிர்வதைப் பார்த்து, சொல்லிவிடலாம் என்று லோட்டிக்கு ஒருமுறை பலமாகத் தோன்றியது. ஆனால் அன்றைக்குப் பனி ரொம்ப அதிகமாக இருந்தது.